நரைத்த பலகையும் உலர்ந்த தூரிகையும்: பழைய பண்ணைக் கொட்டகை வரையத் தொடங்குவோருக்கு

வாட்டர்கலரில் பழைய மரக் கொட்டகை வரைய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது இதுதான். சுவர் முழுக்கப் பழுப்பு அடிப்பார்கள். அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையை எடுத்து மேலிருந்து கீழாகக் கோடு இழுப்பார்கள். நாற்பது பலகை என்றால் நாற்பது கோடு. ஒவ்வொரு பலகைக்குள்ளும் மர ரேகை என்று இன்னும் பத்துப் பத்து. ஒரு மணி நேரம் கழித்து எட்டி நின்று பார்த்தால் நேற்று அடித்த வேலி மாதிரி இருக்கும். அத்தனை உழைப்புக்குப் பிறகும் சுவருக்கு வயது ஏறியிருக்காது.

ஒரே இடைவெளியில், ஒரே அழுத்தத்தில் கோடுகள் இருந்தால் கண் அதைப் புது வேலையாகத்தான் படிக்கும். மரம் மூப்படைவது எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடப்பதில்லை. வெயில் நேராக அடித்த பலகை நரைத்திருக்கும், இறவாரத்து நிழலில் இருந்த பலகை பழுப்பாகவே நிற்கும், மழைத் தண்ணீர் தெறித்த அடிப்பகுதி கறுத்து இற்றிருக்கும். இப்படி ஒவ்வொரு தடத்துக்கும் பின்னால் வெயிலோ தண்ணீரோ பாரமோ ஒரு காரணமாக இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால் தடத்தை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நானூறு கோடு தேவைப்படாது. முப்பது போதும்.

கொட்டகையின் உடம்பு

ஆங்கிலத்தில் 'பார்ன்' என்பதற்கு நம்மிடம் நேரான ஒற்றைச் சொல் இல்லை. நமக்கு மாட்டுக்குத் தொழுவம், நெல்லுக்குக் குதிர் அல்லது பத்தாயம், வைக்கோலுக்குப் போர் என்று எல்லாம் தனித்தனி. பனிக்காலம் மாதக்கணக்கில் நீடிக்கும் வடகிழக்கு அமெரிக்காவில் இவை எல்லாம் ஒரே கூரைக்குள் போயின. அதனால்தான் அந்தக் கட்டடங்கள் அவ்வளவு பெரியவை. பல பண்ணைகளில் குடியிருக்கும் வீட்டைவிடக் கொட்டகை பெரிது.

பென்சில்வேனியாவில் அதிகம் காணப்படும் வகை, மேட்டுச் சரிவை ஒட்டிக் கட்டப்பட்டது. மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டியை நேராக மேல்தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் வைக்கோலை இறக்கலாம். பள்ளப் பக்கத்தில் கல் சுவர் வைத்த கீழ்த்தளம் திறந்திருக்கும், கால்நடைகள் அங்கே. மேல்தளம் அந்தப் பக்கம் சில அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வரைகிறவருக்கு இந்த நீட்டல்தான் முக்கியம். அதன் அடியில் விழும் நிழல் பெரும்பாலும் படத்திலேயே மிகக் கருத்த பட்டை. அதைத் துணிந்து வைத்துவிட்டால் மற்ற எல்லாம் வெளிச்சத்தில் நிற்பதுபோல ஆகிவிடும்.

கூரையில் இரண்டு வடிவங்களை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒன்று நேரான இருபக்கச் சரிவு. இன்னொன்று பாதியில் மடிந்த சரிவு: கீழ்ப்பகுதி செங்குத்தாக, ஏறக்குறைய 60 பாகை; மேல்பகுதி படுத்தாற்போல, ஏறக்குறைய 30 பாகை. உள்ளே வைக்கோல் அடுக்க அதிக இடம் கிடைக்கும் என்பதற்காக வந்த வடிவம் அது. புதியவர்கள் இரண்டு சரிவையும் ஒரே கோணத்தில் போட்டுவிடுவார்கள்; மடிப்பு மழுங்கி, கூரை குடை மாதிரி ஆகிவிடும்.

சுவர்ப் பலகைகள் கொட்டகையில் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும், வீட்டில் கிடையாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். பண்ணை வீட்டையும் கொட்டகையையும் ஒரே படத்தில் வரையும்போது இதை மறந்துவிடக் கூடாது. வீட்டுப் பலகைக்கு ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் மெல்லிய நிழல் விழும். கொட்டகைப் பலகைக்கு இடையில் இருப்பது சந்து; அங்கே தெரிவது உள்ளே இருக்கும் இருட்டு.

மரம் ஏன் நரைக்கிறது

மரத்தில் செல்லுலோஸ் என்ற நாரும், அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பிசினும் இருக்கின்றன. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைக்கும். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மேற்பரப்பில் மிஞ்சுவது பெரும்பாலும் வெளிறிய நார். அதன் மேல் நுண்ணிய பூஞ்சை படரும்போது அந்த வெள்ளிச் சாம்பல் நிறம் வருகிறது. நம் ஊரில் வெயிலும் மழையும் பட்டுக் கிடக்கும் பழைய மாட்டு வண்டிச் சட்டத்தையோ, எண்ணெய் பூசாமல் விட்ட கொல்லைக் கதவையோ பார்த்தால் இதே நிறம்தான். அமெரிக்கா போகாமலே பார்த்துப் பழகலாம்.

இந்த நரைப்பு தோலளவுதான். ஒரு மில்லிமீட்டர் சுரண்டினாலே உள்ளே பழைய பழுப்பு இருக்கும். அதனால் புதிதாக உடைந்த பலகை நுனி, குதிரை உரசும் கதவு விளிம்பு, கைபட்டுத் தேய்ந்த தாழ்ப்பாள் பக்கம் இவையெல்லாம் சாம்பலுக்கு நடுவே வெதுவெதுப்பான பழுப்பாகத் தெரியும். படத்தில் இப்படி இரண்டு மூன்று இடம் வைத்தால் சாம்பல் உயிர் பெறும்.

ரேகை எழும்பி நிற்பதற்கும் காரணம் உண்டு. பைன் போன்ற மரங்களில் ஒவ்வொரு வளையத்திலும் வசந்த காலத்தில் வேகமாக வளர்ந்த மென்மையான பகுதி ஒன்றும், அதன்பின் மெதுவாக வளர்ந்த கெட்டியான பகுதி ஒன்றும் இருக்கும். காற்றும் மழையும் மென்மையானதைச் சீக்கிரம் அரித்துவிடும். கெட்டியானது வரப்பு மாதிரி மேலே நிற்கும். பெயின்ட் பூசாத மென்மரம் நூறு ஆண்டில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தேயும் என்பது மர ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. கணு இன்னும் கெட்டி. அது தேயாமல் புடைத்து நிற்கும், ரேகை அதைச் சுற்றி, கல்லைச் சுற்றி ஓடும் ஆற்று நீர்போல வளைந்து போகும். கணுவை வட்டமாகப் போட்டு ரேகையை அதன் குறுக்கே நேராக இழுப்பது அடிக்கடி பார்க்கும் பிழை.

இன்னொரு குணம்: மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு. ஆகவே பழைய சுவரில் பலகைகளுக்கு இடையே சந்து விழும்; அந்தச் சந்து ஒரே அகலமாக இருக்காது. ஒரு பலகை விளிம்பு மடங்கி வெளியே வந்திருக்கும், அடுத்தது ஆணி விட்டுத் தொங்கும். பலகைகளும் ஒரே அகலம் அல்ல. 8 அங்குலமும் 12 அங்குலமும் கலந்து கிடக்கும். பென்சிலில் குறிக்கும்போதே இந்தக் கலப்பைக் கொண்டுவந்துவிட வேண்டும், பெயின்ட் அடித்த பிறகு முடியாது.

ஓக் பலகையில் இரும்பு ஆணி அடித்திருந்தால் ஆணியின் கீழே கறுப்பாக வடிந்திருக்கும். மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் கலந்து உண்டாகும் கறை அது. பழைய நாளில் மை செய்த முறையும் இதேதான். கறை எப்போதும் ஆணியிலிருந்து கீழ்நோக்கி, மேலே கருத்து கீழே போகப்போக வெளிறி மறையும். ஆணிகள் குறுக்குச் சட்டம் இருக்கும் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே கறைகள் சுவரில் கிடை வரிசைகளாக வரும். கண்ட இடத்தில் புள்ளி வைத்தால் அது அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

கொட்டகைச் சிவப்பு

அமெரிக்கக் கொட்டகை என்றதும் சிவப்பு நினைவுக்கு வருவது இரும்பு ஆக்சைடினால். செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான். மலிவாக, எங்கும் கிடைத்தது. ஆளி விதை எண்ணெய், ஆடை எடுத்த பால், சுண்ணாம்பு இவற்றோடு அதைச் சேர்த்துப் பூசினார்கள். ஆகவே வரையும்போது டியூபில் வரும் பளிச்சென்ற கிரிம்சன், ஸ்கார்லெட் பக்கம் போக வேண்டாம். லைட் ரெட் அல்லது வெனிஷியன் ரெட் போதும். இரண்டும் இரும்பு ஆக்சைடு நிறங்களே. வெளுத்த பகுதிக்குக் கொஞ்சம் யெல்லோ ஓக்கர்.

சிவப்பு எங்கே மிஞ்சியிருக்கும் என்று யோசித்து வைக்க வேண்டும். இறவாரத்துக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு அது அடர்த்தியாக இருக்கும், ஏனென்றால் அங்கே வெயிலும் மழையும் படுவது குறைவு. கீழே இறங்க இறங்கச் சிவப்பு மெலிந்து சாம்பல் தலைகாட்டும். பலகைக்குள்ளே பார்த்தால், எழும்பி நிற்கும் கெட்டி ரேகையிலிருந்து பெயின்ட் முதலில் உரிந்திருக்கும், பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரியவர்கள் எப்படிப் பார்த்தார்கள்

இந்தப் பொருளில் ஒருவரை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அது அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வயத் (1917–2009). பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டில் குவெர்னர் பண்ணை, மெய்ன் மாநிலத்தின் குஷிங்கில் ஓல்சன் வீடு: இந்த இரண்டு இடத்தையும் அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 1948-ஆம் ஆண்டின் 'கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்' படத்தில் மேட்டின் மேல் தெரிவது ஓல்சன் வீடுதான். அது முட்டை மஞ்சள்கருவில் நிறத்தைக் குழைத்து வரையும் டெம்பரா. படத்தில் வீட்டையும் கொட்டகையையும் அவர் பிரித்துத் தள்ளி வைத்திருக்கிறார், நிலத்தின் கிடப்பையும் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு புல்லையும் வரைந்த ஓவியர் கட்டடத்தையே நகர்த்தத் தயங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நுணுக்கம் என்பது எதிரில் இருப்பதை அப்படியே நகல் எடுப்பது என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி பெரிய விடுதலை.

வாட்டர்கலரில் அவர் கையாண்டது டிரை பிரஷ் முறை. தூரிகையில் நிறத்தை எடுத்து, நீரைப் பிழிந்துவிட்டு, மயிரைப் பிரித்து, ஈரம் காய்ந்த வாஷின் (நீர் அதிகம் சேர்த்துப் பரப்பிய மெல்லிய நிறப் பூச்சின்) மேல் அடுக்கடுக்காக நெய்வதுபோல ஏற்றுவது. அடியில் தளர்வான ஈர வாஷ் இருக்கும். அதன் மேல்தான் இந்த உலர்ந்த நெசவு. அடி வாஷ் இல்லாமல் டிரை பிரஷ் மட்டும் வைத்தால் சுவர் எலும்பாகத் தெரியும்.

நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு அமெரிக்க ஓவியர், ஜார்ஜியா ஓ'கீஃப். நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜில் கோடைக்காலங்களைக் கழித்தபோது அங்கிருந்த கொட்டகைகளை அவர் வரைந்தார். மினியாபொலிஸின் வாக்கர் கலை மையத்தில் இருக்கும் 1926-ஆம் ஆண்டுப் படத்தில் ரேகையும் ஆணியும் அவரைக் கவரவேயில்லை. பெரிய எளிய வடிவங்கள், சாம்பல் தொனிகள், அவ்வளவுதான். ஆனாலும் கொட்டகை கனமாக நிற்கிறது. தொடங்குகிறவர்கள் வயத்தின் படத்துக்கு முன்னால் ஓ'கீஃபின் படத்தைப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. வடிவமும் வெளிச்சமும் சரியாக இருந்தால் ரேகையே இல்லாமலும் படம் நிற்கும். அவை தவறினால் எத்தனை ரேகை போட்டாலும் நிற்காது.

என்னென்ன வேண்டும்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், முடிந்தால் நூறு சதவீதப் பருத்தி, கோல்ட் பிரஸ் அல்லது ரஃப். வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் டிரை பிரஷ் பிடிக்காது. மேடு பள்ளம் இருந்தால்தான் நிறம் மேட்டில் மட்டும் ஒட்டும். அளவு 11×15 அங்குலம், அதாவது முழுத் தாளில் கால் பங்கு. காசை எதில் மிச்சம் பிடித்தாலும் தாளில் மட்டும் பிடிக்க வேண்டாம். மரக்கூழ்த் தாளில் இரண்டாவது வாஷ் அடிக்கும்போதே முதல் வாஷ் எழும்பி வந்துவிடும். குறை கையில் இருக்கிறது என்று வரைகிறவர் நினைத்துக்கொள்வார்.

தூரிகை நான்கு: ஒரு அங்குல ஃபிளாட் (தட்டை), 8-ஆம் எண் ரவுண்ட் (உருண்டை), 2-ஆம் எண் ரிக்கர் (நீண்ட மெல்லிய மயிர் கொண்டது), டிரை பிரஷ்ஷுக்கென்று மயிர் விரிந்துபோன பழைய ரவுண்ட் ஒன்று. அந்தப் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நிறம் ஆறு போதும்: அல்ட்ராமரின் புளூ, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா சியன்னா, யெல்லோ ஓக்கர், லைட் ரெட். கறுப்பும், பேய்ன்ஸ் கிரே என்ற நீலம் தோய்ந்த கருஞ்சாம்பலும் வேண்டாம். மரத்தின் சாம்பல் எல்லாம் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த கலவையிலிருந்தே வரும். இரண்டும் சம அளவானால் நடுநிலைச் சாம்பல். நீலம் ஒரு பங்கு கூடினால் நிழல்பக்கத்துக் குளிர்ந்த சாம்பல், சியன்னா ஒரு பங்கு கூடினால் வெயில்பக்கத்து வெதுவெதுப்பான சாம்பல். கலவையைத் தட்டில் முழுக்கக் குழைக்காமல் அரைகுறையாக விட்டால், அல்ட்ராமரினின் துகள் தாளின் பள்ளங்களில் தானாகப் படிந்து, மரத்துக்கும் கல்லுக்கும் ஏற்ற சொரசொரப்பைத் தரும். டியூபில் ஆயத்தமாக வரும் சாம்பலில் இந்த வேலை நடக்காது.

பென்சில் வேலை

முதலில் கண்மட்டத்தைக் குறியுங்கள். தரையில் நின்று பார்த்தால் அது கொட்டகைச் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் வரும். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பு, முகடு எல்லாம் தூரம் போகப்போக இறங்கும். கீழே இருக்கும் அடித்தளக் கோடு ஏறும். பலகைகளும் தூரம் போகப்போக நெருங்கும்.

முக்கோணம் தாங்கும் பக்கச் சுவரில் கூரை உச்சியை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். சுவரின் அகலத்தை அளவுகோலால் பாதியாக்கி அங்கே உச்சியை வைத்தால் கூரை கோணிக்கொள்ளும். சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணையுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியின் வழியே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். உச்சி அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும். சாய்ந்து பார்க்கும்போது அருகில் இருக்கும் பாதி பெரிதாகவும் தூரத்துப் பாதி சிறிதாகவும் தெரிய வேண்டும். இந்தக் குறுக்குக் கோடு அதைத் தானாகச் செய்துவிடும்.

இதெல்லாம் கட்டடம் நிமிர்ந்து நின்ற நாளின் வடிவம். அதன் பிறகுதான் அதைச் சாய்க்க வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது. மரச் சட்டம் ஒரே பக்கமாகத்தான் சாயும். எல்லாத் தூண்களும் ஏறக்குறைய இணையாகவே சாயும், செவ்வகமாக இருந்த கதவுவாய் இணைகரமாகும். ஒரு தூண் இடமும் அடுத்தது வலமும் சாய்ந்தால் அது கேலிச்சித்திரம். முகடு தூண்களுக்கு நடுவில் தொய்யும், தூணுக்கு மேலே தொய்யாது. ஆகவே முகட்டுக்கோடு ஒரே வில்லாக வளையாமல், இரண்டு மூன்று சிறு தொய்வுகளாக வரும். அடிக்கட்டை இற்றுப்போன மூலை ஒன்று இறங்கியிருந்தால் அதற்கு நேர் மேலே கூரை விளிம்பும் இறங்கியிருக்கும். கீழே ஒன்றும் ஆகாமல் மேலே மட்டும் இறங்குவது நடக்காது.

பெயின்ட் தொடும் முன் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் படம் பென்சிலால் போடுங்கள். வெள்ளை, நடுத்தரம், கருமை என மூன்றே தொனி. வெயிலில் இருக்கும் கூரைச் சரிவு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சுவரைவிட வெளிறித்தான் தெரியும். கூரை என்றதும் கறுப்பாக அடிக்கும் பழக்கத்தை இந்தச் சின்னப் படத்திலேயே விட்டுவிடலாம்.

பெயின்ட் ஏறும் வரிசை

வானம் முதலில், எளிதாக. வானத்தில் விறுவிறுப்பு காட்டினால் கொட்டகை தோற்றுப்போகும். காய்ந்ததும் சுவர்.

சுவரின் முதல் வாஷை ஃபிளாட் தூரிகையால், ஒரே மூச்சில், பலகையின் திசையிலேயே இழுங்கள். நிறைய நீரில் ரா சியன்னா. அது ஈரமாக இருக்கும்போதே அங்கங்கே நீலச் சாம்பல், இறவாரத்தின் கீழே கொஞ்சம் லைட் ரெட் விட்டுவிடுங்கள். அவை தாமாகக் கலந்துகொள்ளட்டும். வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும். ஆகவே வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.

இந்த வாஷ் காயும் வழியில் ஒரு சில நிமிடம் பொன்னானது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் முதலில் பளபளவென்று நீர் மின்னும், பிறகு அந்த மினுக்கம் மெல்ல மங்கும். மங்கிய அந்த நேரத்தில் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை வைத்து அழுத்தி இழுத்தால் நிறம் விலகி வெளிச்சமான கோடு விழும். அது வெயில் பட்ட பலகை விளிம்பு. மினுக்கம் இருக்கும்போதே அவசரப்பட்டு இழுத்தால் நிறம் மீண்டும் அந்தப் பள்ளத்துக்குள் ஓடி வந்து, வெளிச்சக் கோட்டுக்குப் பதில் கருங்கோடு விழும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள்தான் கிழியும். சித்திரை வெயிலில் இந்த நேரம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், கார்த்திகை ஈரத்தில் கால்மணி நேரமும் காத்திருக்க வேண்டி வரும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தாளின் மினுக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது நிழல். கட்டடத்தின் நிழல்பக்கச் சுவர், இறவார நிழல், மேல்தள நீட்டலின் அடி, எல்லாவற்றையும் அல்ட்ராமரின் தூக்கலான ஒரே கலவையால் ஒரே தடவையில் போடுங்கள். அடியில் இருக்கும் நிறம் ஊடாகத் தெரிய வேண்டும். ஒருமுறை வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. போனால் அடி வாஷ் கலங்கிச் சேறாகும். நிழல்சுவரின் அடிப்பகுதியில், அது ஈரமாக இருக்கும்போதே, துளி ரா சியன்னா தொட்டுவிடுங்கள். வெயில் பட்ட தரை தன் வெளிச்சத்தைச் சுவரின் மேல் திருப்பி அடிப்பதால் அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போதுதான் டிரை பிரஷ். தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பழைய தூரிகையில் அடர்த்தியான கலவையை எடுத்து, துணியில் ஒற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மயிரை விசிறிபோல அழுத்திப் பிரியுங்கள். அதே வகைத் தாளின் துண்டு ஒன்றில் இழுத்துப் பாருங்கள். தனித்தனி ரேகைகளாக உடைந்து விழுந்தால் சரி. பட்டையாக விழுந்தால் இன்னும் நீர் இருக்கிறது, மறுபடி ஒற்றுங்கள். பிறகு தூரிகையைத் தாளுக்குக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மயிரின் பக்கவாட்டால், பலகையின் நீளவாக்கில் விரைவாக ஒரே இழுப்பு. மெதுவாக இழுத்தால் நிறம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். முதலில் வெதுவெதுப்பான நடுச்சாம்பல், அது காய்ந்ததும் அதைவிடக் குறைந்த இடத்தில் குளிர்ந்த கருஞ்சாம்பல்.

சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதை வைக்காதீர்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில், கதவைச் சுற்றி, ஒரு மூலையில், அவ்வளவு போதும். வெயில் பக்கவாட்டில் விழும் இடத்தில்தான் கண்ணுக்கும் சொரசொரப்பு தெரியும். நேர் வெயிலிலும் ஆழ்ந்த நிழலிலும் தெரியாது.

சந்துகளை ரிக்கரால் வையுங்கள், பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்த கருமையில். ஒரு சந்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுக்க வேண்டாம். கையை அழுத்தி, தளர்த்தி, ஓரிடத்தில் தூக்கி, சற்றுக் கீழே மறுபடி தொடுங்கள். ஐந்து சந்தில் ஒன்று மட்டும் அகலமாக. இரண்டு மூன்று பலகைகளுக்கு இடையில் ஒன்றுமே வைக்காமல் விடுங்கள், பார்க்கிறவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும். பிறகு சட்டம் ஓடும் உயரத்தில் நாலைந்து ஆணிக் கறை.

நெளிதகரக் கூரையானால் துரு ஆணித் துளையிலும் தகரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விளிம்பிலும்தான் தொடங்கும், அங்கிருந்து சரிவின் திசையில் வடியும். முதலில் மெழுகுவர்த்தியால் சரிவுவாக்கில் இரண்டு மூன்று கோடு தேய்த்துவிட்டு வாஷ் அடித்தால் மெழுகு பட்ட இடம் நிறம் ஏற்காமல் மினுங்கும் தகரமாக நிற்கும். மெழுகை அழிக்க முடியாது என்பதால் கை அடக்கமாக இருக்கட்டும்.

அடிக்கோடு கடைசி. சுவர் தரையைத் தொடும் இடத்தில் கூரிய கோடு விட்டால் கொட்டகை வெட்டி ஒட்டியது மாதிரி ஆகும். சுவரின் அடி ஈரமாக இருக்கும்போதே புல்லின் நிறத்தைக் கொஞ்சம் உள்ளே ஏற்றிவிட்டு, காய்ந்ததும் சில புல்லை மட்டும் சுவரின் மேல் கூர்மையாக எழுப்புங்கள்.

எங்கே கெடுகிறது

சுவர் சேறாகிவிட்டதென்றால் பெரும்பாலும் மூன்றுக்கு மேற்பட்ட நிறம் ஒரே கலவையில் போயிருக்கும், அல்லது காயாத வாஷின் மேல் தூரிகை திரும்பத் திரும்பப் போயிருக்கும். சேறான இடத்தை மேலும் பூசிச் சரிசெய்ய முடியாது. முழுக்கக் காயவிட்டு, சுத்தமான ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுக்கலாம். நல்ல பருத்தித் தாள் இதைத் தாங்கும்.

சுவரில் காலிஃபிளவர் பூப்போல விளிம்பு விட்ட கறை விழுந்தால், பாதி காய்ந்த வாஷில் நீர் அதிகமான தூரிகை பட்டிருக்கிறது. தளிர் இலையில் விழுந்தால் அது கெடுதல்; பழைய பலகையில் விழுந்தால் ஈரக்கறையாக வைத்துக்கொள்ளலாம்.

களைச்செடிகளை வெள்ளையாக விட மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் ஏறாமல் தாளை மூடிவைத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) பயன்படுத்துகிறவர்கள், தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தூரிகை போய்விடும். அதன் மேல் ஹேர் டிரையர் காட்டக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் தாளின் தோலோடு சேர்ந்து உரியும்; அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சன்னலும் கதவுவாயும் மட்டையான கறுப்பு ஓட்டையாக நிற்பது இன்னொரு குறை. உள்ளிருட்டை பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து வெதுவெதுப்பாக வைத்து, மேலே கருமையாகவும் தரைக்கருகில் சற்று வெளிறியும் விடுங்கள், ஏனென்றால் வாசல் வழியே வெளிச்சம் தரையில்தான் முதலில் விழுகிறது. திறந்த கதவுக்கு நேர் பின்னால் எதிர்ச்சுவர் இருந்தால், அந்தச் சுவரின் சந்துகள் உள்ளிருட்டில் மெல்லிய வெளிச்சக் கீற்றுகளாகத் தெரியும். இருட்டை அடிக்கும் முன்பே அவற்றுக்கு இடம் விட வேண்டும், அல்லது காய்ந்த பிறகு பிளேடு நுனியால் மேலிருந்து கீழாக ஒரே கீறலில் எடுக்க வேண்டும். நாலு கீற்று போதும், ஒன்று சற்றுச் சாய்ந்து.